துண்டுப் போர்வையின் கதையை எப்படிப் பாதுகாப்பது?

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு பிள்ளை கேட்டிருக்கிறார். எண்பத்துநாலு வயதான அம்மம்மா பழைய சேலை, சாரம், சட்டைத் துண்டுகளைச் சேர்த்துக் கையால் தைத்த போர்வைகள் மூன்று வீட்டில் இருக்கின்றனவாம். அவற்றைக் கழுவி எடுத்து வைக்கலாமா, ஒவ்வொன்றின் மூலையிலும் கியூஆர் குறி ஒன்றைத் தைத்து அம்மம்மாவின் கதையை அதில் இணைக்கலாமா, அதற்கு நல்ல ஆப் எது என்பன கேள்விகள். ஆனால் கேள்வியின் கடைசி வரியில் வேறொன்று இருக்கிறது: 'அம்மம்மாவுக்கு இப்ப பேர்கள் மாறுது.' உண்மையான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். எந்தத் துண்டு யாருடையது என்று சொல்ல வீட்டில் வேறு ஆளில்லை. அவருக்கு மறந்துபோனால் மிஞ்சுவது பழந்துணி. அதற்குள் என்ன செய்யலாம் என்று கேட்கிறீர்கள்.

ஆப் எதுவானாலும் சரி. போனில் ஏற்கெனவே இருக்கிற ஒலிப்பதிவே போதும். கழுவுவதை இப்போதைக்கு விடுங்கள். முதலில் போர்வையை எடுத்துக்கொண்டு அம்மம்மாவுக்குப் பக்கத்தில் போய் இருங்கள். மற்றதெல்லாம் அடுத்த மாதம் செய்தாலும் குறையில்லை.

நான் மனையியல் படிப்பித்தவள். பிறகு இடம்பெயர்ந்த குடும்பங்களின் வாய்மொழிக் கதைகளைப் பதிவு செய்யும் வேலையில் பல காலம் இருந்தேன். தையலும் தெரியும், கதை கேட்கவும் தெரியும். துணிப் பாதுகாப்பை இரசாயன கூடத்தில் படித்தவள் அல்ல. ஆகவே துணியைப் பேணுவது பற்றிக் கீழே சொல்வதில், கெடுதல் செய்யாது என்று உறுதியாகத் தெரிந்த வழிகளோடு நிற்பேன்.

திருகோணமலையில் பஞ்சு வைத்த போர்வை யாருக்கும் தேவைப்பட்டதில்லை. கச்சான் காற்று அடிக்கிற வெக்கை மாதங்களில் சேலைத் துண்டு கூடப் பாரம்தான். இங்கே பெண்கள் தைத்தவை இரண்டு மூன்று அடுக்குப் பழந்துணியை வைத்து நூலோடிய மெல்லிய விரிப்புகள். பாய்க்கு மேலே விரிக்க, பிறந்த பிள்ளையைக் கிடத்த, மார்கழி மழையில் போர்த்திக்கொள்ள. வங்காளத்துக் காந்தா, சிந்துப் பக்கத்து ரல்லி, கர்நாடகத்தில் சித்தி என்ற ஆபிரிக்க வம்சாவளிப் பெண்கள் தைக்கிற கவந்தி எல்லாம் இதே பிழைப்பில் பிறந்தவை, உடுத்துக் கிழிந்த துணியிலிருந்து. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இப்படிப்பட்ட போர்வையில் இரண்டு கதைகள் இருக்கின்றன. போர்வையாவதற்கு முன் அந்தத் துணி யார் உடம்பில் கிடந்தது என்பது ஒன்று. அதை வெட்டித் தைக்க உட்கார்ந்த நாட்களில் வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது மற்றது. பெரும்பாலான பிள்ளைகள் இரண்டாவதை மட்டும், அதுவும் 'எப்ப தைச்சனீங்கள்?' என்று மட்டும் கேட்டுவிட்டு எழும்பிவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் 1999இல் குல்ட் என்கிற துண்டுப் போர்வை தைப்பவர்களின் கதைகளைப் பதிவு செய்ய ஒரு திட்டம் தொடங்கினார்கள். 'நம் கதைகளைக் காப்பாற்றுங்கள்' என்பது அதன் பெயரின் பொருள். அவர்கள் வைத்த ஒழுங்கு எளிமையானது. பேச வருபவர் தான் தைத்தவற்றில் ஒன்றைக் கையோடு கொண்டுவர வேண்டும், பேச்சு அந்த ஒன்றைச் சுற்றியே முக்கால் மணி நேரம் அளவில் நடக்கும். ஆளின் முழு வாழ்க்கையையும் கேட்பதில்லை. கேட்காமலே பாதி வாழ்க்கை வந்துவிடும். நானும் இங்கே அப்படித்தான் செய்து பழகினேன். எண்பத்துநாலு வயதென்றால் முக்கால் மணி நேரம் அதிகம். காலைத் தேத்தண்ணி முடிந்த கையோடு இருபது நிமிடம் போதும். ஒரு நாளைக்கு ஒரு போர்வை, அதிலும் ஒரு மூலை.

'உங்கட வாழ்க்கையைச் சொல்லுங்கோ அம்மம்மா' என்று கேட்டால் 'என்னத்தைச் சொல்ல, கஷ்டப்பட்டம், பிள்ளைகளை வளர்த்தம்' என்று ஒரு வரியில் முடிந்துவிடும். எல்லா அம்மம்மாமாரும் மனப்பாடமாக வைத்திருக்கிற பதில் அது. போர்வையை அவர் மடியில் விரித்து, ஒரு துண்டின்மேல் உங்கள் விரலை வைத்து, 'இது ஆற்ற சட்டை?' என்று கேளுங்கள். பிறகு எங்கே வாங்கியது, யார் தைத்தது, எதற்கு உடுத்தது, எப்படிக் கிழிந்தது. எல்லாவற்றிலும் பலன் தருகிற கேள்வி 'ஏன் எறியேல்லை?' என்பது. அதற்கு வருகிற பதில்தான் பெரும்பாலும் கதை. அவர் பேசாமல் துணியைத் தடவிக்கொண்டிருந்தால் நீங்களும் பேசாமல் இருங்கள். ஒலிப்பதிவில் அமைதி கிடந்தால் ஒன்றும் ஆகாது. பெயர்களை மாற்றிச் சொன்னால் திருத்த வேண்டாம். திருத்தத் தொடங்கினால் அவர் உங்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சொல்லத் தொடங்குவார், கதை உங்களுடையதாகிவிடும். மாறிய பெயரைப் பிறகு உங்கள் கொப்பியில் குறித்துக்கொள்ளலாம்.

மூதூர்ப் பக்கம் ஒரு தாயின் போர்வையில் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையின் அடிப்பாகத் துண்டு ஒன்று இருந்தது. கிட்ட வைத்துப் பார்த்தால் அதில் குறுக்காக மூன்று மெல்லிய கோடுகள். அடி மடிப்பை அவிழ்த்து அவிழ்த்து நீளம் விட்ட அடையாளம். மடிப்புக்குள் கிடந்த பகுதி வெள்ளையாக, வெளியே கிடந்தது மஞ்சள் பாரித்து, மடிப்பு ஓரத்தில் எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாத ஒரு கறுப்புக் கீறு. அந்தத் தாய் நகத்தை ஒவ்வொரு கோட்டிலும் வைத்து, மகள் எந்த வகுப்பில் இருந்தபோது அவிழ்த்தது என்று சொன்னார். மகளின் வளர்த்தியை அளந்து வைத்ததுபோல இருந்தது அந்தத் துண்டு. நாலாவது கோடு இல்லை. பார்க்கிற எவருக்கும் மனது கெட்டதைத்தான் நினைக்கும். உண்மையில் குடும்பம் முகாமுக்குப் போயிருந்தது, அங்கே பிள்ளைகளுக்குப் புதுச் சீருடைத் துணி கொடுத்தார்கள், பழைய சட்டைக்கு நீளம் விடத் தேவை வரவில்லை. மகள் இப்போது இரண்டு பிள்ளைகளின் தாய். துணி தானாகப் பேசும் என்று சிலர் அழகாகச் சொல்வார்கள். பேசாது. துணியில் கோடு இருக்கும், கோட்டுக்கு விளக்கம் ஆளிடம்தான் இருக்கும்.

இதற்கு உலகறிந்த சாட்சி ஒன்று உண்டு. ஹாரியட் பவர்ஸ் என்ற கறுப்பினப் பெண் 1837இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். விடுதலைக்குப் பிறகு அவர் தைத்த விவிலியக் கதைப் போர்வை ஒன்றை 1886இல் ஒரு பருத்திக் கண்காட்சியில் ஜென்னி ஸ்மித் என்ற சித்திர ஆசிரியை பார்த்து விலைக்குக் கேட்டார். பவர்ஸ் கொடுக்கவில்லை. சில ஆண்டுகள் கழித்துக் கையில் காசில்லாத நிலையில் ஐந்து டொலருக்கு விற்றார். விற்ற நேரத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் என்ன இருக்கிறது என்று தன் வாயால் சொன்னார், ஸ்மித் எழுதி வைத்தார். இன்று அந்தப் போர்வை ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் தைத்த இன்னொன்று பொஸ்டனில் இருக்கிறது. அதில் 1833இல் வானத்திலிருந்து எரிகற்கள் கொட்டிய இரவையும் தைத்திருக்கிறார். அந்தக் குறிப்புகள் இல்லாவிட்டால் இன்று பார்ப்பவர்களுக்கு மிருகங்களும் நட்சத்திரங்களும் மனிதர்களும் கலந்த அழகான துணி, அவ்வளவுதான். எழுதியவர் வாங்கிய ஆள் என்பதையும் மறக்கக்கூடாது. ஏழைக் கறுப்பினப் பெண்ணின் சொல் வெள்ளைக்கார ஆசிரியையின் பேனையால் வந்திருக்கிறது, எவ்வளவு மாறியதோ. உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை, அம்மம்மாவின் குரலையே பிடித்து வைக்க முடியும்.

குரலைப் பிடித்த பிறகு கொப்பி வேலை இருக்கிறது, அதில்தான் பலர் கவனம் விடுகிறார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் இலக்கம் கொடுத்து, அந்த இலக்கத்துக்குக் கீழே மூன்று வகையாகப் பிரித்து எழுதுங்கள்: அம்மம்மா தான் கண்டதாகச் சொன்னது, மற்றவர் சொல்லத் தான் கேட்டதாகச் சொன்னது, நீங்களாக ஊகித்தது. மூன்றையும் ஒரே பந்தியில் குழைத்து எழுதினால் இருபது வருடத்தில் எல்லாமே உண்மை என்று நின்றுவிடும். அமெரிக்காவில் இதுதான் நடந்தது. தப்பியோடும் அடிமைகளுக்கு வழிகாட்ட, போர்வைக் கோலங்களில் இரகசியக் குறிகள் தைத்து வேலியில் தொங்கவிட்டார்கள் என்ற கதை 1990களின் இறுதியில் பெரிதாகப் பரவியது. பள்ளிக்கூடங்களிலும் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு குடும்பத்து வாய்மொழியை வைத்துக் கட்டிய கதை அது. வரலாற்றாசிரியர்கள் தேடிப் பார்த்தபோது அந்தக் காலத்து ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. குடும்பக் கதை பொய் என்று நான் சொல்லவில்லை. 'இப்படி எங்கள் வீட்டில் சொல்வார்கள்' என்று எழுதுவது ஒன்று, 'இப்படி நடந்தது' என்று எழுதுவது வேறு.

துணியிலிருந்தே சில விடயங்களை உறுதியாகச் சொல்லலாம். போர்வை, அதிலுள்ள மிகப் புதிய துண்டைவிடப் பழையதாக இருக்க முடியாது. அந்தத் துண்டு பிறகு வைத்த ஒட்டு அல்ல என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். மற்ற இடத்து நூலும் அந்த இடத்து நூலும் வேறாக இருந்தால் பெரும்பாலும் பிந்திய ஒட்டு. பொலியெஸ்டர் துணி கடைக்கு வந்தது 1950களில், எங்கள் ஊரில் நைலெக்ஸ் என்ற நைலோன் துணியும் பொலியெஸ்டரும் வெள்ளமாக வந்தது 1977இல் இறக்குமதியைத் திறந்துவிட்ட பிறகு. அதற்கு முந்திய ஏழு வருடக் கட்டுப்பாட்டுக் காலத்தில் நல்ல துணி கிடைப்பது கஷ்டம். ஒரே துணியில் தாய்க்கும் மகளுக்கும் சட்டை தைத்த காலம் அது. அம்மம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், அந்தக் காலத்துக்கு மட்டும் பெயர்கள் மாறாது. பின்பக்கத்தில் கோதுமை மா வந்த துணிப் பையை வைத்துத் தைத்திருந்தால் எழுத்து ஏதும் மிஞ்சியிருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பிறிமா என்ற மா ஆலைப் பெயரின் நிழல் தெரிந்தால் 1977க்கு முந்தியதாக இருக்க வழியில்லை, சீனன்குடா ஆலைக்கான ஒப்பந்தமே அந்த ஆண்டில்தான். தைத்த ஓரத்துக்குள்ளிருந்து ஒரே ஒரு நூலை உருவி, வீட்டுக்கு வெளியே தீக்குச்சியில் பிடித்தால் பருத்தி கடதாசி எரிகிற மணத்தோடு சாம்பலாகும், பொலியெஸ்டர் உருகிக் கல்லுப்போல இறுகும், பட்டு மயிர் கருகுகிற மணம் தரும். ஒரு நூலுக்கு மேல் உருவ வேண்டாம். சேலைத் துண்டின் ஓரத்தில் சேங்கொட்டை மையில் போட்ட சலவைக்குறி இருக்கலாம், கறுப்பாக, சின்னப் புள்ளிகளும் கோடுகளுமாக. அதைக் கறை என்று நினைத்துத் தேய்த்துவிடாதீர்கள். துணி எந்த வீட்டுடையது என்று அறியப் போட்ட குறி அது.

சந்தேகமானவை வேறு. நிறத்தை வைத்து வயது சொல்வதை நான் நம்புவதில்லை, எங்கள் வெயிலில் புதுத் துணியும் இரண்டு வருடத்தில் கிழவியாகிவிடும். சில கோலங்களுக்குப் பொருள் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், முக்கோணம் என்றால் கோயில், சிவப்பு என்றால் மங்கலம் என்று. தைத்தவர் சொன்னால் எழுதுங்கள். இல்லாவிட்டால், துண்டு முக்கோணமாக இருந்தது சட்டையின் கைக்குழி வெட்டில் மிஞ்சிய துணி முக்கோணமாக இருந்ததால் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அதுதான் காரணம்.

ஆண்டுகளை எண்ணாகக் கேட்க வேண்டாம். 'எழுபத்தெட்டா எழுபத்தொன்பதா?' என்று கேட்டால் உங்களைச் சந்தோசப்படுத்த ஒன்றைச் சொல்லிவிடுவார். நிகழ்ச்சிகளை வைத்துக் கேளுங்கள். உங்கள் அம்மம்மாவின் வயதைப் பார்த்தால் 1942 சித்திரையில் யப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்ட காலத்தை ஒட்டிப் பிறந்திருப்பார், அவருடைய அம்மா அதைச் சொல்லியிருப்பார். பிறகு 1964 மார்கழிப் புயல், 1983 கலவரம், 1990 யுத்தம், 2004 சுனாமி. சம்பூர், மூதூர்ப் பக்கத்துச் சொந்தங்கள் இருந்தால் 2006 இடம்பெயர்வு. 'இந்தச் சேலை புயலுக்கு முந்தியா பிந்தியா?', 'இதைத் தைக்கிறபோது சின்னம்மா பிறந்திட்டாவா?' என்று கேட்டால் நினைவு தானாக இடம் பார்த்து இருக்கும். சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த உடுப்புகள் பல வீடுகளில் துண்டுப் போர்வையாகின. இங்கே யாரும் உடுக்காத தடித்த ஜெர்சித் துணி, வெளிநாட்டு இலக்கம் போட்ட விளையாட்டுச் சட்டை. அப்படி ஒரு துண்டைக் கண்டால் அதுவே ஒரு திகதி.

இனிக் கஷ்டமான பகுதி. இந்த மாவட்டத்தில் எண்பது தாண்டிய ஒரு பெண்ணின் மடியில் பழந்துணியை விரித்துக் கேள்வி கேட்டால், எங்கேயோ ஓரிடத்தில் இறந்தவரோ காணாமற்போனவரோ கட்டாயம் வருவார். அந்தத் துண்டில் விரல் வைத்ததும் அம்மம்மா 'அது சும்மா ஒரு துணி' என்று அடுத்ததுக்குப் போனால் நீங்களும் போங்கள். கொப்பியில் 'சொல்ல விரும்பவில்லை' என்று எழுதி இலக்கத்தைப் போடுங்கள். அதுவும் பதிவுதான். திரும்பக் கேட்பது, வேறு ஆளை வைத்துக் கேட்பிப்பது, அவர் நித்திரைத் தூக்கத்தில் இருக்கிறபோது கேட்பது எதுவும் வேண்டாம். பதிவு தொடங்கும் முன் ஒவ்வொரு முறையும் போனைக் காட்டி, 'இது பதியுது அம்மம்மா' என்று சொல்லுங்கள், நேற்றுச் சொன்னது இன்று அவருக்கு நினைவிராது. ஆர் ஆர் கேட்கலாம் என்பதையும் அவரிடமே கேட்டு அதையும் பதியுங்கள். 'பிள்ளைகள் கேட்கலாம், மருமக்கள் வேண்டாம்' என்று சொல்கிற அம்மம்மாக்களைக் கண்டிருக்கிறேன். அந்த வரி உங்களுக்குப் பிறகு பதிவை வைத்திருப்பவருக்கும் பொருந்தும். முகநூலில் போடுவதை அதற்குப் பிறகு யோசிக்கலாம். என்னைக் கேட்டால் போடாதீர்கள். உயிரோடு இருக்கிற பலரின் பெயர் அந்தக் கதைகளுக்குள் இருக்கும்.

கியூஆர் குறிக்கு வருவோம். தைக்காதீர்கள் என்று சொல்லமாட்டேன், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். குறி காட்டுகிற இணைய முகவரிக்கு யாராவது வருடாவருடம் காசு கட்ட வேண்டும், இல்லாவிட்டால் இலவசமாகத் தருகிற கம்பனி கடையை மூடாமல் இருக்க வேண்டும். உங்கள் பேத்தி அந்தக் கறுப்புச் சதுரத்தைப் பார்க்கிறபோது அது எங்கேயும் போகாது. சொல்லைத் துணியில் எழுதுங்கள். நிறமூட்டாத பருத்தித் துணியில் உள்ளங்கை அளவு ஒரு துண்டு வெட்டி, முதலில் கழுவிக் கஞ்சியை எடுத்துவிட்டு, தைத்தவர் பெயர், ஊர், தைத்த காலம், யாருக்காகத் தைத்தது, கொப்பியில் எந்தப் பக்கம் என்பவற்றை எழுதி, போர்வையின் பின்பக்கத் துணியில் மட்டும் ஊசி ஏறும்படி பருத்தி நூலால் தைத்துவிடுங்கள். குமிழ்முனைப் பேனை பரவும், மங்கும். சித்திரப் பொருள் விற்கிற கடைகளில் நிறமி மை நிரப்பிய மெல்லிய பேனை கிடைக்கும், அதுதான் நிற்கும். கிடைக்காவிட்டால் பென்சிலால் எழுதலாம், பென்சில் தண்ணீரில் கரையாது. எனக்குப் பிடித்தது எழுத்தை நூலால் தைப்பது. நிறநூலை முதலில் வெந்நீரில் நனைத்து வெள்ளைத் துணியில் ஒற்றிப் பாருங்கள், சாயம் போனால் விடுங்கள். ஒட்டுப்பசை, சூடுகாட்டி ஒட்டுகிற நாடா, ஊக்கு மூன்றும் வேண்டாம். ஊக்கு எங்கள் கடற்காற்றில் ஒரு மாரிக்குள் துருப்பிடித்துவிடும்.

சிலியில் 1973 இராணுவப் புரட்சிக்குப் பிறகு காணாமலாக்கப்பட்டவர்களின் தாய்மாரும் மனைவிமாரும் சாக்குத் துணியில் பழந்துண்டுகளை ஒட்டிப் படங்கள் தைத்தார்கள். சிலவற்றின் பின்பக்கத்தில் சின்னப் பை ஒன்று வைத்து, அதற்குள் கையெழுத்துக் குறிப்பு ஒன்றைச் செருகி அனுப்பினார்கள். அந்தப் பையை உங்களுக்கும் சிபாரிசு செய்கிறேன். அமெரிக்காவில் எயிட்ஸ் நோயில் இறந்தவர்களுக்காக 1987 முதல் தைத்துச் சேர்த்த பெரும் நினைவுப் போர்வையில் இப்போது ஏறத்தாழ 50,000 துண்டுகள் இருக்கின்றன. துண்டுகளோடு வந்த கடிதங்களையும் படங்களையும் எறியாமல் தனியே ஆவணமாக வைத்திருக்கிறார்கள். கதையைத் துணியோடும் வைக்க வேண்டும், துணியை விட்டுத் தள்ளி இன்னோர் இடத்திலும் வைக்க வேண்டும் என்பது அவர்கள் வழி. சுனாமியையும் இடம்பெயர்வையும் கண்ட ஊருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

தள்ளி வைப்பது எப்படி என்றால், ஒலிப்பதிவும் படங்களும் குறைந்தது மூன்று பிரதி இருக்க வேண்டும், அதில் ஒன்று வேறு வீட்டில், முடிந்தால் வேறு நாட்டில். உங்கள் அம்மா கனடாவில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அது இதற்கு நல்ல வசதி. வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும், எடுத்த திகதியும் படத்துக்குள்ளிருந்து போய்விடும். 'ஆவணம்' என்று இணைத்து அனுப்புங்கள், அல்லது மின்னஞ்சலில். கோப்புக்கு 'அம்மம்மா 1' என்று பெயர் வைக்காமல் திகதி, போர்வை, மூலை என்று வையுங்கள். படம் எடுப்பதைக் காலையில் விறாந்தை நிழலில் வைத்துக்கொள்ளுங்கள், ஃபிளாஷ் வேண்டாம். முழுப் போர்வை முன்னும் பின்னும், பிறகு துண்டுதுண்டாக, பக்கத்தில் ஓர் அடிமட்டம் வைத்து. போர்வையில் அம்மம்மாவின் கை இருக்கிற படம் ஒன்றாவது எடுங்கள். குரலைக் கேட்டுக் கொப்பியில் எழுதுகிறபோது அவர் சொன்னபடியே எழுதுங்கள். 'தைச்சனான்' என்பதைத் 'தைத்தேன்' ஆக்க வேண்டாம். குடும்பம் சம்மதித்தால் நூலகம் நிறுவனத்தாரிடம் கேட்டுப் பாருங்கள். 2005 முதல் இலங்கைத் தமிழ் ஆவணங்களை எண்ணிம வடிவில் சேர்ப்பவர்கள், ஒலிப்பதிவுகளையும் படங்களையும் சேர்க்கிறார்கள். எதைத் திறந்து வைப்பது, எதை மூடி வைப்பது என்பதை முதலே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்.

துணியைப் பேணுவது பற்றிச் சுருக்கமாக. எங்கள் ஊரில் எதிரி ஈரம். காற்றின் ஈரப்பதன் 65 வீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சணம் பிடிக்கும், மாரியில் அது நாள்தோறும் தாண்டும். ஆகவே பொலித்தீன் பைக்குள் இறுக்கிக் கட்ட வேண்டாம், ஈரம் உள்ளேயே நிற்கும். கழுவிக் காயவைத்த பழைய வெள்ளைப் பருத்திச் சேலையில் சுற்றி, சுவரையும் நிலத்தையும் தொடாத தட்டில் வையுங்கள். மடிக்கிற இடத்தில் சுருட்டிய துணி ஒன்றை உள்ளே வைத்து மடித்தால் மடிப்பில் இழை அறாது. சில மாதத்துக்கொரு முறை வேறு கோட்டில் மடியுங்கள். கச்சான் காலத்தில் நிழலில் விரித்துக் காற்றாட விடுங்கள், வெயிலில் வேண்டாம். பூச்சி உருண்டை வயதானவரும் குழந்தையும் இருக்கிற அறைக்கு நல்லதல்ல. கழுவத்தான் வேண்டும் என்றால் எல்லாத் துண்டையும் பதிந்து முடித்த பிறகு, ஒவ்வொரு நிறத்திலும் ஈரப் பஞ்சை ஒற்றிச் சாயம் போகிறதா என்று பார்த்த பிறகு. கூறைச் சேலைத் துண்டோ வேறு பட்டோ இருந்தால் கழுவவே வேண்டாம். பட்டும் சரிகையும் பருத்தியும் நனைந்தால் வெவ்வேறு விதமாகச் சுருங்கும், பழைய பட்டு கையிலேயே பொடியும். பூஞ்சணம் ஏற்கெனவே கறுப்பாகப் பிடித்திருந்தால் அதற்குப் பயிற்சி பெற்ற அருங்காட்சியகக்காரரிடம் கேளுங்கள், அது என் எல்லைக்கு அப்பால். எந்தக் கறையையும் கழுவ முன் அம்மம்மாவிடம் காட்டுங்கள், எண்ணெய்க் கறைக்கும் கதை இருக்கலாம்.

இன்னொரு விடயத்தை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வரும். மூன்று போர்வையையும் பிறகு யார் வைத்திருப்பது? அம்மா, பெரியம்மா, சின்னம்மா மூவரும் ஆளுக்கொன்று என்றுதான் பெரும்பாலும் முடியும். அதை அம்மம்மா இருக்கிறபோதே அவர் வாயால் சொல்ல வையுங்கள், பதிவிலேயே. கொப்பியைப் பிரிக்க வேண்டாம். முழுக் கொப்பியையும் போட்டோப் பிரதி எடுத்து மூன்று போர்வைக்குள்ளும் ஒவ்வொன்று வையுங்கள். ஒரே சேலையின் துண்டுகள் மூன்றிலும் இருக்கும், ஒன்றின் கதை மற்றதன் பக்கத்தில்தான் முழுதாகும். ஒன்றையாவது வீட்டில் பாவிக்கிறதாக வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் விருப்பம், பாவித்தால் அது கிழியும் என்று தெரிந்தும் சொல்கிறேன். எதைப் பாவிப்பது என்பதையும் அம்மம்மாவே தெரிவு செய்யட்டும். அவர் பெரும்பாலும் உங்களுக்குப் பிடித்ததைத்தான் பாவிக்கச் சொல்வார், அதற்காகச் சண்டை பிடிக்காதீர்கள்.